முதல் ஆயிரம் ரூபாயை யாருக்குக் கொடுப்பது?

கூகுள் பே, போன்பே, வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் திறந்து, கடந்த 12 மாதங்களில் தானதர்மமாகப் போன தொகைகளை ஒரு தாளில் எழுதுங்கள். யாருக்கு, எவ்வளவு, ஏன் என்று மூன்று கட்டம் போதும். கோயில் உண்டியல், ரயிலில் நீட்டிய டப்பா, ஆபீஸில் சுற்றிவந்த கவர், வாட்ஸ்அப்பில் வந்த கியூஆர் கோடு என நினைவில் இருப்பதையெல்லாம் சேருங்கள். பலருக்கும் மொத்தம் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக வரும். மூன்றாவது கட்டத்தில் 'கேட்டார்கள், கொடுத்தேன்' என்பதே திரும்பத் திரும்ப வரும்.

கேட்டவருக்குக் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் அப்படியே விட்டால், கேட்கத் தெரிந்தவர்களுக்கே எல்லாம் போய்ச் சேரும். ஆள் வைத்துப் போன் செய்யும் டிரஸ்டுக்குப் போகும். கரண்ட் பில் கட்ட முடியாமல் தவிக்கும் இல்லத்துக்குப் போகாது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னார்கள் பெரியவர்கள். புதிதாகத் தொடங்குபவர் எப்படி அளப்பது என்பதை இங்கே வரிசையாகச் சொல்கிறோம்.

காரணத்தை ஒரு வரியில் எழுதுங்கள்

எந்த அமைப்பு நல்லது என்று தேடுவதற்கு முன்னால், எதற்காகக் கொடுக்க நினைக்கிறீர்கள் என்று வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். பெரும்பாலும் காரணம் மூன்று பக்கங்களிலிருந்து வரும். ஒன்று இழப்பு: அப்பாவின் சிறுநீரகம், அத்தையின் புற்றுநோய், மறதி நோயில் போன பாட்டி. இரண்டாவது நன்றிக்கடன்: பரீட்சைக் கட்டணம் கட்டிய வாத்தியாருக்குத் திருப்பித் தர முடியாததை வேறொரு பிள்ளைக்குத் தருவது. மூன்றாவது ஊர்: படித்த பள்ளி, தூர்ந்துபோன ஏரி, தெருவில் திரியும் நாய்கள். சாமி நம்பிக்கையும் முன்னோர் திதியும் இந்த மூன்றோடும் கலந்தே இருக்கும்.

சொந்தக் காரணத்துக்காகக் கொடுப்பது சுயநலமோ என்று கூச வேண்டாம். டயாலிசிஸ் நோயாளியை வாரம் மூன்று முறை கூட்டிப்போய் வந்தவருக்கு, அந்த நோயில் எங்கே பணம் கரைகிறது என்று தெரியும். அந்த அறிவு நன்கொடையைச் சரியான இடத்தில் சேர்க்கும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: உங்கள் காரணம் துறையைக் காட்டும், அமைப்பைக் காட்டாது. அம்மாவுக்குப் புற்றுநோய் வந்தது என்பதற்காக, புற்றுநோய் என்று பெயர்ப்பலகை வைத்திருக்கும் எந்த டிரஸ்டுக்கும் கொடுத்துவிட முடியாது.

'ஏழைகளுக்கு உதவ வேண்டும்' என்று எழுதினால் அதை வைத்து எதையும் தேர்ந்தெடுக்க முடியாது. யாருக்கு, எதற்கு, எங்கே என்ற மூன்றும் அந்த வரியில் இருக்கட்டும். 'எங்கள் மாவட்டத்தில் டயாலிசிஸுக்குப் போய்வரும் ஏழை நோயாளிகளின் ஆட்டோ செலவுக்கும் சாப்பாட்டுக்கும்' என்று எழுதினால் பாதி வேலை முடிந்தது.

அரசு செய்வது போக மீதி என்ன?

புதியவர்கள் அதிகம் தவறவிடுவது இந்தப் படியைத்தான். டயாலிசிஸையே எடுத்துக்கொள்வோம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ₹5 லட்சம் வரை சிகிச்சைச் செலவு கிடைக்கிறது, டயாலிசிஸும் அதில் உண்டு. ஆனால் மாதம் 8 முதல் 12 தடவை போய்வரும் வண்டிச் செலவும், கூட வருபவர் இழக்கும் அன்றைய கூலியும் அதில் வராது. இதனால்தான் பலர் வாரம் மூன்று முறை போகவேண்டிய இடத்தில் இரண்டு முறை போகிறார்கள். இங்கே உங்கள் ₹500 செய்யும் வேலை பெரிது. காப்பீட்டு அட்டை வாங்கித் தரவும் அதற்கான தாள்களைச் சேர்க்கவும் ஆள் வைத்திருக்கும் அமைப்பு இன்னும் நல்லது. ஒரு ஊழியரின் சம்பளத்தில் பல குடும்பங்களுக்கு லட்சக்கணக்கில் சிகிச்சை கிடைத்துவிடும்.

படிப்பும் அப்படித்தான். அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2022 செப்டம்பர் 15 அன்று காலை உணவுத் திட்டம் தொடங்கியது. அங்கே போய்ச் சிற்றுண்டி கொடுக்க ஆசைப்பட்டால் ஏற்கெனவே நிறைந்த தட்டில் வைத்த மாதிரி ஆகும். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் ₹1,000 வருகிறது. இடைவெளி வேறு இடத்தில் இருக்கிறது. அட்மிஷன் வாரத்தில் வெளியூர் ஹாஸ்டலில் சேர பக்கெட், பாய், போர்வை, மெஸ் அட்வான்ஸ், இரண்டு பேருக்குப் பஸ் டிக்கெட் என்று ஒரே நேரத்தில் பல ஆயிரம் கையில் வேண்டும். இதற்கு வழியில்லாமல் கிடைத்த சீட்டை விட்டவர்கள் உண்டு. நீங்கள் பேசும் அமைப்பிடம் நேராகவே கேளுங்கள்: "இதற்கு அரசுத் திட்டம் இருக்கிறதா? இருந்தால் அதற்கு மேல் நீங்கள் என்ன செய்கிறீர்கள்?" வேலை தெரிந்தவர் ஐந்து நிமிடத்தில் விளக்குவார்.

இதில் இன்னொரு கோணமும் உண்டு. பெரிய பெயருள்ள இடத்துக்கு உங்கள் பணம் அதிகம் தேவைப்படும் என்று சொல்ல முடியாது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கியது. கட்டணம் செலுத்தும் நோயாளிகளின் வருவாயிலேயே இலவச அறுவை சிகிச்சைகளை நடத்தும் முறையை உருவாக்கி உலகப் பெயர் பெற்றது. போற்றத்தக்க இடம். ஆனால் ₹1,000 மட்டும் கையில் இருந்தால், அது எங்கே இல்லாவிட்டால் ஒரு வேலை நின்றுபோகும் என்று பாருங்கள்.

தொகையைப் பிரியுங்கள்

₹30,000 சம்பளத்தில் 2 சதவீதம் என்றால் மாதம் ₹600. இதில் ₹400 நீங்கள் தேர்ந்தெடுத்த ஒரே அமைப்புக்கு, மாதாமாதம். மீதி ₹200ஐத் தனியாகச் சேர்த்து வையுங்கள். வெள்ளம், புயல் வந்தாலும், வீட்டு வேலை செய்யும் அக்காவின் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் என்றாலும் அதிலிருந்து எடுக்கலாம். தெரிந்த பிள்ளையின் கட்டணத்தை முடிந்தவரை கல்லூரிக் கணக்கிலேயே நேராகக் கட்டுங்கள். கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் பின்னால் மனக்கசப்பு வராது.

பத்து இடங்களுக்கு ₹60 வீதம் பிரித்தால் யாருக்கும் பயனில்லை. ரசீது போடவும் வரித்துறையில் கணக்குக் காட்டவும் ஒவ்வொரு நன்கொடைக்கும் வேலை இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை வரும் ₹5,000ஐவிட மாதம் தவறாமல் வரும் ₹400க்கு மதிப்பு அதிகம்; அதை நம்பி ஒரு ஆயாவுக்கு சம்பளம் பேசலாம்.

தாள்களைப் பாருங்கள்

தொலைபேசியிலோ மெயிலிலோ கீழ்க்கண்டவற்றைக் கேளுங்கள். நல்ல அமைப்புகளில் இதை யாரும் அவமதிப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

பதிவு: டிரஸ்ட் என்றால் சார் பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த அறக்கட்டளைப் பத்திரம் இருக்கும். சங்கம் என்றால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன் கீழ் பதிவெண் இருக்கும். லாப நோக்கமற்ற கம்பெனி என்றால் கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 8.

பான் எண்: இதன் நான்காவது எழுத்தைப் பாருங்கள். அறக்கட்டளைக்கு 'டி' (T), கம்பெனிக்கு 'சி' (C), சங்கங்களுக்குப் பெரும்பாலும் 'ஏ' (A). அங்கே 'பி' (P) இருந்தால் அது தனிநபரின் பான். யுபிஐ ஸ்கேன் செய்ததும் திரையில் வரும் பெயரையும் படியுங்கள். டிரஸ்ட் பெயரில் நோட்டீஸ், தனி ஆள் பெயரில் கணக்கு என்றால் அனுப்பாதீர்கள்.

12ஏபி, 80ஜி: வருமான வரித்துறையின் பதிவும், கொடுப்பவருக்கு வரிச்சலுகை தரும் அனுமதியும். 2021இல் பழைய அமைப்புகள் எல்லாம் மறுபடியும் பதிய வேண்டியிருந்தது. அதனால் 1998இல் வாங்கிய 80ஜி நகலை மட்டும் காட்டினால் செல்லாது. 80ஜி வழக்கமான அனுமதி 5 ஆண்டுகளுக்குத்தான். முடியும் தேதியைப் பாருங்கள். பதிவெண் அந்த அமைப்பின் பான் எண்ணோடுதான் தொடங்கும், ஒப்பிட்டுப் பார்ப்பது சுலபம்.

தர்ப்பண் எண்: நிதி ஆயோக்கின் என்ஜிஓ தர்ப்பண் தளத்தில் பெயரைத் தேடினால் நிர்வாகிகள், முகவரி, பதிவு விவரம் கிடைக்கும். இது முகவரிப் புத்தகம் மாதிரி. 'அரசு அங்கீகாரம் பெற்றது' என்று இதை வைத்து விளம்பரம் செய்தால் நம்ப வேண்டாம்.

குழந்தைகள் இல்லம் என்றால் இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 41இன் கீழான பதிவு. இந்தப் பதிவு இல்லாமல் குழந்தைகளைத் தங்கவைப்பதே குற்றம். 80ஜி இருந்து இந்தப் பதிவு இல்லாவிட்டால் கொடுக்காதீர்கள், குழந்தைகளுக்கான 1098 எண்ணில் தெரிவியுங்கள்.

கணக்கைப் படிப்பது

கடந்த இரண்டு ஆண்டுகளின் தணிக்கை அறிக்கையைக் கேளுங்கள். வரவு செலவுக் கணக்கும் இருப்புநிலைக் குறிப்பும் மொத்தம் நான்கைந்து பக்கம்தான் வரும். கணக்குப் படித்திருக்க வேண்டியதில்லை, கூட்டல் வகுத்தல் தெரிந்தால் போதும்.

முதலில் கடைசிப் பக்கம். ஆடிட்டர் கையெழுத்தோடு யுடிஐஎன் என்ற 18 இலக்க எண் இருக்க வேண்டும். பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் தளத்தில் அந்த எண்ணைப் போட்டு அறிக்கை உண்மையானதா என்று யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம்.

அடுத்து ஆட்களோடு பணத்தைப் பொருத்திப் பாருங்கள். 40 குழந்தைகள் இருக்கும் இல்லத்தில் ஆண்டுக்கு உணவுச் செலவு ₹3 லட்சம் என்று இருந்தால், ஒரு குழந்தைக்கு ஒரு நாளைக்குச் சுமார் ₹20.55 ஆகிறது. இரண்டு வேளைச் சோற்றுக்கே நாளைக்கு 12 கிலோ அரிசி வேண்டும். கடையில் கிடைக்கும் 26 கிலோ சிப்பம் இரண்டு நாளில் காலியாகும். அப்படியானால் அரிசியும் காய்கறியும் பொருளாக வந்து கணக்கில் ஏறாமல் இருக்கலாம், அல்லது 40 குழந்தைகள் என்பது தவறாக இருக்கலாம், அல்லது பிள்ளைகள் சரியாகச் சாப்பிடவில்லை. எது என்று கேளுங்கள். பொருளாக வந்தது என்றால் அதற்கென ஸ்டாக் நோட்டு இருக்கும்.

சம்பளம் என்ற வரியைக் கவனியுங்கள். அது குறைவாக இருந்தால் நல்லது என்றே பலர் நினைக்கிறார்கள். எங்கள் கருத்து அதற்கு நேர்மாறானது. மனநோயால் தெருவில் அலைந்தவர்களைக் காக்கும் இல்லத்தில் நர்ஸ், சமூகப் பணியாளர், இரவு காவலர் இவர்கள்தான் சிகிச்சையே. சம்பளம் இல்லாமல் அந்த வேலை நடக்கிறது என்றால், குணமானவர்களை வைத்தே மற்றவர்களைப் பார்க்கச் சொல்கிறார்களா என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. 'நிர்வாகச் செலவு 5 சதவீதம்தான்' என்ற விளம்பரத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். சந்தேகப்பட வேண்டிய வரிகள் வேறு: நிர்வாகியின் சொந்தக் கட்டிடத்துக்குப் போகும் வாடகை, நிர்வாகிகளுக்குக் கொடுத்த கடன், மொத்தச் செலவில் கால்பங்கை விழுங்கும் 'இதர செலவுகள்'.

கடைசியாக வங்கி இருப்பு. மூன்று ஆண்டுச் செலவுக்கான பணம் சும்மா கிடந்தால் உங்கள் பணத்துக்கு அங்கே அவசரமில்லை, அது எதற்கான சேமிப்பு என்று கேளுங்கள். ஒரு மாதச் செலவுக்குக்கூட இருப்பு இல்லாவிட்டால், அவர்களுக்கு உடனடியாகத் தேவை நிலையான மாத வருமானம்.

போனில் கேளுங்கள், நேரில் பாருங்கள்

"என்ன வேண்டும்?" என்று கேட்டால் "உங்களால் முடிந்தது" என்பார்கள். "எது தேவைக்கு மேல் வருகிறது?" என்று கேளுங்கள். அப்போதுதான் மனம்விட்டுப் பேசுவார்கள். ஞாயிறு மதியத்துக்குப் பிறந்தநாள் சாப்பாடு இரண்டு மாதத்துக்கு முன்பதிவாகியிருக்கும். கேக்கும் ஐஸ்கிரீமும் பிரியாணியும் ஒரே நாளில் வந்து பிள்ளைகளுக்கு வயிற்றுக்கோளாறு. வருடத்துக்கு நாற்பது ஜாமெட்ரி பாக்ஸ். ஆனால் செப்டிக் டேங்க் லாரிக்கு, இன்வெர்ட்டர் பேட்டரிக்கு, மோட்டார் காயில் கட்டுவதற்கு, பெண் பிள்ளைகளின் நாப்கினுக்கு, அளவு பார்த்து வாங்கவேண்டிய உள்ளாடைக்கு யாரும் பணம் தருவதில்லை.

அன்னதானம் நம் மரபில் ஊறியது. வடலூரில் 1867இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. திதிக்கோ பிறந்தநாளுக்கோ சாப்பாடு போட வேண்டும் என்று மனம் சொன்னால் போடுங்கள். ஆனால் வார நாளாகக் கேட்டு வாங்குங்கள், அவர்கள் சமையலறையிலேயே சமைக்கட்டும், பணத்தை மளிகைக்குக் கொடுங்கள். மிஞ்சிய கல்யாணச் சாப்பாட்டை இரவு 11 மணிக்குக் கொண்டுபோய் இறக்க வேண்டாம். சமைத்து எவ்வளவு நேரம் ஆனது என்று யாருக்கும் தெரியாத தேங்காய்ச் சட்னியை உண்டு அவதிப்படுபவர்கள் அவர்கள்.

நேரில் போகும்போது முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். குழந்தைகள் இருக்கும் இடத்தில் கேட்டைத் திறந்து யாரை வேண்டுமானாலும் உள்ளே விட்டால் அதுவே பெரிய குறை. வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கி, அடையாள அட்டை கேட்டு, அறைகளுக்குள் விடாமல் ஹாலில் உட்காரவைத்தால் கோபப்படாதீர்கள். அது ஒழுங்காக நடக்கும் இடம். கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, வாரச் சாப்பாட்டுப் பட்டியல் சமையலறையில் ஒட்டியிருக்கிறதா, அன்றைய அடுப்பில் இருப்பது அந்தப் பட்டியலில் உள்ளதா என்று பாருங்கள். பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் கைகூப்பிப் பாட்டுப் பாடச் சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடலாம். படம் எடுக்காதீர்கள், ஸ்டேட்டஸில் போடாதீர்கள். அப்படிப்பட்ட குழந்தைகளின் அடையாளத்தை வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடுக்கிறது.

கொடுக்கும் முறை, ரசீது, வரி

முதல் மூன்று மாதம் கையால் அனுப்புங்கள். ரசீது தானாக வருகிறதா, கேட்டால் பதில் வருகிறதா என்று பாருங்கள். பிறகு மாதாமாதம் பணம் தானாகப் போகும் யுபிஐ ஆட்டோபே போடலாம். ₹15,000 வரை ஒவ்வொரு முறையும் பின் (PIN) எண் கேட்காமல் போகும், ஆப்பில் மேண்டேட் பகுதியில் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். ஏமாற்றுப் பேர்வழிகளிடம் பணம் போய்விட்டது என்று தெரிந்தால் உடனே 1930க்கு அழையுங்கள். முதல் சில மணி நேரத்தில் சொன்னால் பணத்தை முடக்க வாய்ப்பு உண்டு.

வரிச்சலுகை பற்றிப் பெரிய கனவு வேண்டாம். புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு 80ஜி சலுகையே கிடையாது. பழைய முறையில் பெரும்பாலான அமைப்புகளுக்குக் கொடுத்ததில் 50 சதவீதம்தான் வருமானத்திலிருந்து கழியும், அதற்கும் உச்சவரம்பு உண்டு. ₹10,000 கொடுத்தால் ₹5,000 கழியும். 20 சதவீத வரிக்கட்டத்தில் செஸ் சேர்த்து மிச்சம் ₹1,040. ₹2,000க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதுவும் இல்லை. அரிசி மூட்டைக்கும் துணிக்கும் சலுகை கிடையாது.

ரசீது மட்டும் போதாது. அமைப்பு நிதியாண்டு முடிந்து மே 31க்குள் 10பிடி (10BD) என்ற கணக்கை வரித்துறைக்குத் தாக்கல் செய்து, உங்களுக்கு 10பிஇ (10BE) சான்றிதழ் தர வேண்டும். அதில் உங்கள் பான் எண் ஒரு எழுத்து தவறினாலும் சலுகை நிற்கும். ஜூன் முதல் வாரத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால், அதன்பிறகு கொடுத்ததற்கான தாள்களில் பிரிவு எண்ணும் படிவ எண்ணும் வேறாக இருக்கும்; குழம்ப வேண்டாம்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகத் தருவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர், கனடா, பிரிட்டன் குடியுரிமை எடுத்தவர் தருவது, ஓசிஐ அட்டை இருந்தாலும், வெளிநாட்டுப் பணம்தான். ஊருக்கு வந்து ரூபாயாகக் கையில் கொடுத்தாலும் அதே விதி. எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் பதிவு உள்ள அமைப்புக்கு, டெல்லி பாரத ஸ்டேட் வங்கிப் பிரதானக் கிளையில் அவர்கள் வைத்திருக்கும் கணக்குக்கு மட்டுமே அனுப்ப வேண்டும். தம்பி கணக்குக்கு அனுப்பி அவர் மூலம் கொடுக்கச் சொன்னால், நீங்கள் நேசிக்கும் அமைப்பின் பதிவுக்கே ஆபத்து வரும்.

அவசர வேண்டுகோள்கள்

'இரண்டு மணி நேரத்தில் ஆபரேஷன்' என்று வரும் செய்தியில் தேதி இருக்காது. அது மூன்று வருடமாகச் சுற்றிக்கொண்டிருக்கலாம். செய்தியில் உள்ள எண்ணுக்கு அழைக்காமல், மருத்துவமனையின் எண்ணை நீங்களே தேடி அழையுங்கள். நோயாளி அங்கே இருக்கிறாரா, அவர் கணக்கில் நேராகக் கட்ட முடியுமா என்று மட்டும் கேளுங்கள். முடியும் என்றால் அங்கேயே கட்டுங்கள். நிதி திரட்டும் தளங்களில் கொடுத்தால், பணம் கட்டும் திரையில் 'டிப்ஸ்' என்று தானாகச் சேர்ந்திருக்கும் தொகையைப் பாருங்கள். வேண்டாம் என்றால் பூஜ்யமாக்கலாம். இலக்குத் தொகை சேராவிட்டாலோ நோயாளி இறந்துவிட்டாலோ மீதி எங்கே போகும் என்ற விதியையும் படியுங்கள்.

பேரிடரில் பொருள் அனுப்பத் துடிக்கிறோம். 2004 சுனாமிக்குப் பின் நாகப்பட்டினத்தில் பழைய துணிகள் சாலையோரம் குவியல் குவியலாகக் கிடந்தன. மானத்தோடு வாழ்ந்த மீனவக் குடும்பங்களுக்குக் கிழிந்த துணியை எடுக்க மனம் வரவில்லை. 2018 நவம்பர் 16 அன்று கஜா கரையைக் கடந்தபின் டெல்டாவில் கூரைக்குத் தார்ப்பாயும், விழுந்த தென்னைகளை அறுத்து அப்புறப்படுத்த இயந்திரமும் ஆளும் வேண்டியிருந்தன. முதல் வாரத்தில் எல்லோரும் கொடுப்பார்கள். சேர்த்து வைத்த பணத்தில் பாதியை மூன்றாவது மாதத்துக்கு வைத்திருங்கள்; படகு என்ஜினும் ஆடும் கன்றும் அப்போதுதான் வாங்குவார்கள், செய்தியாளர்கள் போயிருப்பார்கள்.

ஆண்டுக்கு ஒருநாள்

ஏப்ரலில் ஒரு நாள் அந்தப் பழைய தாளை மறுபடி எடுங்கள். புதிய கணக்கறிக்கை வந்ததா, சொன்ன வேலை நடந்ததா, 'ஏன்' என்ற கட்டத்தில் இப்போது என்ன எழுதுவீர்கள் என்று பாருங்கள். சொன்னதில் சில நடக்கவில்லை என்று அவர்களே மறைக்காமல் எழுதியிருந்தால் அது நேர்மையான அமைப்பு, அதை விட்டு மாறாதீர்கள். மாற்ற வேண்டும் என்று முடிவெடுத்தால், சத்தமில்லாமல் மேண்டேட்டை ரத்து செய்யாமல், இரண்டு மாதம் முன்னதாக ஒரு போன் செய்து சொல்லுங்கள். அந்த ₹400ஐயும் சேர்த்துத்தான் அடுத்த மாதச் சம்பளத்தைக் கணக்குப் போட்டிருப்பார்கள்.